பழுது எங்கே என்று அறியும் உரிமை

எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆடம்பரத்துக்காக வாங்கப்பட்டதன்று. மூட்டுவாதத்தால் மனைவியின் மணிக்கட்டுகள் வீங்கத் தொடங்கிய ஆண்டில், மருத்துவரின் கண்டிப்புக்குப் பணிந்து வாங்கினோம். ஆறு ஆண்டுகள் குறையின்றி உழைத்த அது, சென்ற கோடையில் ஒருநாள் குழம்புச் சட்டியை எண்ணெய்ப் பிசுக்கோடு திருப்பித் தந்தது. சோப்பு வில்லை பாதி கரைந்து கிடந்தது. தட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தன.

விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பணியாளர் வந்தார். முகப்பில் தெரிந்த பிழைக் குறியீட்டைப் பார்த்தார். "ஹீட் பம்ப் போயிடுச்சு சார், முழுசா மாத்தணும். பதினாலாயிரம் ஆகும்" என்றார். ஒரு திருகாணியைக்கூட அவர் கழற்றவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் நான் நடத்திய பாடம் அன்று என் சமையலறைக்கே வந்து சேர்ந்தது. பழைய கார் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. அந்தத் தகவல் ஏற்றத்தாழ்வு சந்தையையே கெடுத்துவிடும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதினார். பழுதுபார்ப்பு அதைவிடச் சிக்கலானது என்பதை மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகிய இருவரும் 1973-இல் எடுத்துக்காட்டினர். பழைய காரின் குறை ஓட்டிப் பார்த்தபின் தெரிந்துவிடும். பழுதுபார்ப்பிலோ, பணம் கொடுத்து வேலை முடிந்த பிறகும் அந்த வேலை தேவைப்பட்டதுதானா என்பது நமக்குத் தெரியாது. பம்பை மாற்றியிருந்தால் இயந்திரம் ஓடியிருக்கலாம். பழுது பம்பில்தான் இருந்ததா என்பதை நான் ஒருநாளும் அறிந்திருக்க மாட்டேன்.

நான் மின்பொறியாளன் அல்லன். ஆனால் ஓமின் விதி பள்ளிப் பாடம்தான். இயந்திரத்தின் அமைப்பும் எளியது. அடித்தொட்டியில் சேரும் நீரைப் பம்பு இழுத்து, சுழலும் கைகளின் துளைகள் வழியே பாத்திரங்கள்மீது பீய்ச்சுகிறது. முற்காலத்து இயந்திரங்களில் நீரைச் சூடாக்கும் கம்பி தனியே இருந்தது. இப்போது பலவற்றில் சூடேற்றியைப் பம்பின் உடலோடு சேர்த்தே செய்கிறார்கள். நீர் பம்பைக் கடக்கும்போதே சூடாவதால் இடமும் மின்சாரமும் மிச்சம். ஆனால் சூடேற்றி எரிந்துபோனால், நன்றாக ஓடும் மோட்டாரையும் சேர்த்துத்தான் தூக்கி எறிய வேண்டும்.

சூடேற்றி எரிவதற்கு எங்கள் கடற்கரையில் காரணம் உண்டு. கோட்டக்குப்பத்தில் என் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சூடேற்றியின்மேல் சுண்ணாம்புப் படிவமாக ஒட்டிக்கொள்ள, வெப்பம் நீருக்குச் செல்ல வழியின்றிச் சூடேற்றியையே தாக்கும். இதைத் தடுக்க இயந்திரத்தினுள் ஒரு மென்னீராக்கி உள்ளது. அதன் பிசினைப் புதுப்பிக்க அவ்வப்போது தூய உப்பு இட வேண்டும். வடக்கே சிறிது தொலைவில் மரக்காணத்தில் உப்பு மலைமலையாகக் குவிந்திருக்க, நான் கடையில் டப்பா உப்பு வாங்குவதைக் கண்டு அண்டை வீட்டார் சிரிப்பார்கள். என்ன செய்வது, உப்பளத்துக் கல்லுப்பில் அதே கால்சியமும் மக்னீசியமும் கலந்திருக்கின்றனவே!

பரிசோதனையை மின்மானியிலிருந்து தொடங்கினேன். இயந்திரம் நீரைச் சூடாக்கும்போது மின்மானியின் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டும். வீட்டின் மற்ற கருவிகளை அணைத்துவிட்டுப் பார்த்தேன். விளக்கு சோம்பலாகவே சிமிட்டியது. ஆனால் நீர் பீய்ச்சும் ஓசை கேட்டது. அப்படியானால் மோட்டார் ஓடுகிறது, சூடேற்றிக்கு மட்டும் மின்சாரம் பாயவில்லை.

பிறகு பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடினேன். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் கால் மணி நேரம் காத்திருந்தேன். கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து சூடேற்றிக்குச் செல்லும் இரண்டு தடித்த கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 2,000 வாட் சூடேற்றிக்கு 230 வோல்ட்டில் மின்தடை எவ்வளவு? 230-ஐ 230-ஆல் பெருக்கி 2,000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26 ஓம். சூடேற்றி அறுந்திருந்தால் மீட்டரில் எண்ணே வராது. எனக்கு வந்தது 26. 'போய்விட்ட' சூடேற்றி உயிரோடுதான் இருந்தது!

சூடேற்றிக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. அதை உறுதிசெய்ய மல்டிமீட்டரின் சிறு பேட்டரி போதாது. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் மெகர் கொண்டுவந்து பார்த்துக் கசிவில்லை என்றார். இந்த இடத்தில் துணிச்சல் காட்டுவது அறிவீனம்; தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

எஞ்சியது கட்டுப்பாட்டுப் பலகை. சூடேற்றிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கழுவலிலும் ஏறத்தாழ 9 ஆம்பியர் அதன் வழியே பாய்கிறது. சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, ஈயப் பற்று நாளடைவில் விரிசல் காணும். பலகையைத் திருப்பிப் பார்த்தபோது ரிலேயின் கால் ஒன்றைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கருகிய வளையம் தெரிந்தது. கடைத்தெருவில் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சரிசெய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ரிலேயை மாற்றி, புதிதாகப் பற்றவைத்துத் தர 250 ரூபாய் வாங்கினார். மாலையில் மின்மானியின் சிவப்பு விளக்கு படபடத்தது.

அந்தப் பணியாளர் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. உதிரிபாகத்தை மாற்றவே அவருக்குப் பயிற்சியும் ஊதியமும். ரிலேயின் காலைப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, வரைபடமும் இல்லை. குறை அமைப்பில் இருக்கிறது. அமைப்பை மாற்ற முடியும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் சான்று. 2021 மார்ச் முதல் அங்கே நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பம்பு, சூடேற்றி, மின்சுற்றுப் பலகை ஆகியவற்றை, அந்த மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் குறைந்தது 7 ஆண்டுகள் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். பழுதுபார்க்கும் தகவல்களையும் தர வேண்டும். அங்கும் சூடேற்றியைப் பம்போடு சேர்த்தே விற்கலாம் என்ற விலக்கு இருக்கிறது. அது எனக்கு உடன்பாடன்று.

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் வரம்பில் உள்ளன. நல்ல தொடக்கம்தான், ஆனால் நிறுவனங்கள் தாமே முன்வந்து தரும் தகவலைத் தொகுத்துக் காட்டுவது வேறு, தந்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவது வேறு.

என் இயந்திரத்தின் மின்சுற்று வரைபடத்தைக் கேட்டு, அதைத் தயாரித்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: புதிய மாதிரி இயந்திரத்துக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி தருகிறார்களாம்.