யாரோ செய்த தப்புக்கு எல்லாருக்கும் தண்டனையா?

2014 செப்டம்பர். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் அக்காள் மகன், யுபிஎஸ்ஆர் எழுதி முடித்த மகிழ்ச்சியில் புத்தகங்களைக் கட்டி வைத்திருந்தான். அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்துவிட்டன, செப்டம்பர் 30-இல் மறுதேர்வு என்று அறிவிப்பு வந்தது. “நான் என்ன தப்பு செஞ்சேன் மாமா?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

இதே கேள்வி இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பீகாரில் 1969-இல், கூட்டாகக் காப்பியடித்ததாகச் சொல்லி, ஒரு மையத்தில் எழுதிய அனைவரின் பள்ளித் தேர்வையும் வாரியம் ரத்து செய்தது. தங்களை விசாரிக்கவே இல்லை என்று மாணவர்கள் வழக்குப் போட்டு, பாட்னா உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 1970-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தேர்வே கெட்டுப்போனால் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டியதில்லை என்றது.

2024 நீட் வழக்கில் தீர்ப்பு வேறு. ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்தது உண்மை. ஆனால், தேர்வு முழுவதும் கெட்டதற்கு ஆதாரம் இல்லை, பயனடைந்தவர்களைப் பிரித்துவிடலாம் என்று மறுதேர்வுக்கு நீதிமன்றம் மறுத்தது.

நெல்லையும் பதரையும் பிரிக்க முடியுமா என்பதுதான் நீதிமன்றம் பார்ப்பது. முடியாவிட்டால், நேர்மையாகப் படித்த பிள்ளையும் மறுபடி பேனா பிடிக்க வேண்டும்.

பெற்றோரே, “கசிந்த தாள்” என்று கைபேசிக்கு எது வந்தாலும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அதற்கான விலையை ஏதோ ஒரு தோட்டத்துப் பிள்ளை கொடுக்கிறது.