ஹான்ஸ் பழக்கத்தை விட ஹிப்னோதெரபி கைகொடுக்குமா? ‘ஒரே அமர்வில் விடுதலை’ உண்மைதானா?

நாமக்கல்லில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பும் லாரி டிரைவர்கள் பலருக்கு, ராத்திரி கண் அசராமல் இருக்கத் துணை உதட்டுக்குள் அடக்கிய ஒரு சிட்டிகை ஹான்ஸ். தமிழ்நாட்டில் தடை இருந்தும் பழக்கம் விட்டபாடில்லை. எப்படியாவது விடணும்னு நினைக்கிறவங்க செல்போனில் வந்து நிற்கிறது, ‘ஒரே அமர்வில் விடுதலை’ என்ற ஹிப்னோதெரபி விளம்பரம். நம்பலாமா?

சினிமாவில் வருவதுபோல கடிகாரத்தை ஆட்டி ஆளைப் பொம்மையாக்கும் வேலை இல்லை இது. உடம்பைத் தளர்த்தி, கவனத்தை ஒரே இடத்தில் குவிக்க வைப்பார்கள். அந்த நிலையில், ‘டீ குடித்ததும் வாய் புகையிலையைத் தேடவில்லை’ என்பதுபோல சொல்லிச் சொல்லி மனதில் பதிய வைப்பார்கள். ஆள் தூங்குவதில்லை. பேசுவது காதில் விழும். பிடிக்கலைன்னா எழுந்து போய்விடலாம்.

இந்தியாவுக்கு இது புதுசும் இல்லை. 1845-ல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், இதன் முன்னோடியான மெஸ்மரிசத்தைப் பயன்படுத்தி அறுவை சிகிச்சையே செய்தார். அப்போது குளோரோஃபார்ம்கூட வரவில்லை! 2003-ல் மத்திய சுகாதாரத் துறையும் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. ஆனால் பதிவு பெற்ற மருத்துவரோ, முறையாகப் பயிற்சி பெற்றவரோதான் செய்ய வேண்டும்.

சரி, பழக்கம் போகுமா? சிகரெட்டை விடுவது பற்றிய 14 ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு 2019-ல் அலசியது. மற்ற ஆலோசனை முறைகளைவிட, ஏன், யார் உதவியும் இல்லாமல் தானாக விடுவதைவிடக்கூட இது மேல் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே முடிவு. சிலருக்குப் பலன் தரலாம். ஆனால் ‘கேரண்டி’ என்று பேக்கேஜ் போட்டு முன்பணம் கேட்டால் உஷாராக வேண்டியதுதான்.

குடிப்பழக்கம் என்றால் கூடுதல் கவனம் தேவை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். உயிரே போகும் ஆபத்தும் உண்டு. இதற்கு மருந்தும் டாக்டரின் கண்காணிப்பும் வேண்டும், மனோவசியம் போதாது. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

புகையிலையை விட ஆலோசனை வேண்டுவோர் 1800-11-2356 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். மனநல உதவிக்கு 24 மணி நேரமும் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.