வாசல் விளக்கும் வெளிப்புற பம்பும் கைப்பேசியில்: வசதி எது, ஆபத்து எது?

மாலை நேரத்தில் மஸ்ஜித் இந்தியா பக்கம் போனால், கடை வாசல்களில் தொங்கும் விளக்குச் சரங்களைப் பார்க்காமல் வர முடியாது. தீபாவளியோ நோன்புப் பெருநாளோ நெருங்கினால் சொல்லவே வேண்டாம். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் மஸ்ஜித் ஜாமேக். கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் அந்த இடத்தில் 2017 ஆகஸ்டிலிருந்து இரவானால் நீல விளக்கு எரிகிறது, தண்ணீர் பனிப்புகையாகப் பரவுகிறது. நுண்ணிய துளைகள் வழியாக பம்ப் தண்ணீரை அழுத்தித் தள்ளுவதுதான் அந்தப் புகை.

இதையே சின்ன அளவில் நம் வீட்டிலும் செய்யலாம். வாசல் விளக்கு, மீன் தொட்டி பம்ப், செடிக்குத் தண்ணீர் விடும் பம்ப், வெள்ளநீர் இறைக்கும் பம்ப் எல்லாவற்றையும் கைப்பேசி வழியாக இயக்க ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் சுவிட்ச் கிடைக்கின்றன. ஆனால் விளக்கும் பம்பும் ஒன்றல்ல. விளக்கு தவறான நேரத்தில் எரிந்தால் கொஞ்சம் மின்சாரம் வீண். பம்ப் தவறான நேரத்தில் ஓடினால் ஆள் அடிபடலாம்.

கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2007-இல் செயல்படத் தொடங்கிய அது, 9.7 கிலோமீட்டர் நீளம் கொண்டது. மிதமான மழையில் வெள்ளநீர் கீழ்த்தளத்தில் போகும், மேலே கார்கள் ஓடும். பெருமழை என்றால் சாலையை மூடி, உள்ளே ஒரு வாகனமும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் சாலைத் தளத்துக்குள் தண்ணீரை விடுவார்கள். அதாவது, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

நம் வீட்டில் அந்த வேலையை யார் செய்வது? இப்படி யோசித்துப் பாருங்க. அப்பா பின்பக்கம் உட்கார்ந்து பம்பில் சிக்கிய இலையை எடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்க பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில். செடிக்குத் தண்ணீர் விட மறந்தது நினைவு வர, கைப்பேசியில் ஒரு தட்டு. அவ்வளவுதான். அவர் கை உள்ளே இருப்பது உங்களுக்கும் தெரியாது, செயலிக்கும் தெரியாது.

இதற்குத் தீர்வு பழைய காலத்துப் பொருள்தான்: பம்புக்குப் பக்கத்தில், நனையாத பெட்டிக்குள் ஓர் ஐசோலேட்டர் சுவிட்ச். அதை அடைத்துவிட்டால் கைப்பேசியில் எத்தனை முறை தட்டினாலும் மின்சாரம் போகாது. பம்பைத் தொடுவதற்கு முன் அதை அடைப்பது வீட்டில் எல்லாருக்கும் பழக்கமாக வேண்டும். பிளக் வைத்த பம்பாக இருந்தால் பிளக்கைக் கழற்றுவதே போதும்.

அடுத்தது, பிளக்கின் சக்தி. ‘13 ஆம்பியர்’ என்று போட்டிருக்கே, என் 1 குதிரைத்திறன் பம்ப் 5 ஆம்பியர்தானே இழுக்கும் என்று நினைக்கலாம். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல் ஐந்து மடங்கு, சில வேளை அதற்கும் மேலே இழுக்கும். பிளக்கின் உள்ளே இருக்கும் சிறிய ரிலே இதைத் தினமும் தாங்கினால், ஒரு நாள் அதன் உலோக முனைகள் ஒட்டிக்கொள்ளும். செயலி ‘ஆஃப்’ என்று காட்டும், பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பெரிய பம்புகளுக்கு இடையில் கான்டாக்டர் என்ற கனமான சுவிட்ச் வேண்டும். ஸ்மார்ட் சுவிட்ச் கான்டாக்டரை இயக்கும், கான்டாக்டர் பம்பை இயக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். இடி மின்னலில் ‘டிரிப்’ ஆகி மின்சாரம் திரும்ப வரும்போது, சில ஸ்மார்ட் பிளக்குகள் தானாகவே ‘ஆன்’ ஆகிவிடும். பம்புக்கு வைத்திருக்கும் பிளக்கில் இந்த அமைப்பை ‘ஆஃப்’ என்று மாற்றி வையுங்க. கிள்ளான் பள்ளத்தாக்கு மழைக்கு இது முக்கியம்.

தண்ணீர் வெட்டு நமக்குப் புதிதல்ல. 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் ஆறு மாசடைந்து, சுங்கை சிலாங்கூரின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட நாளில் தொட்டி காலி. நேரம் குறித்து வைத்த பம்ப்புக்கு அது தெரியுமா? வழக்கம்போல் காலை 6 மணிக்குக் கிளம்பி, தண்ணீர் இல்லாமலே ஓடி, சூடேறி கெட்டுப்போகும். தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்ச் இருந்தால் தண்ணீர் குறைந்ததும் அதுவே பம்பை நிறுத்தும், இணையம் தேவையில்லை. முக்கியமாக, பம்ப் தொட்டியிலிருந்துதான் இழுக்க வேண்டும். பொதுக் குழாயில் நேரடியாக பம்ப் பொருத்துவது சட்டப்படி குற்றம்.

வெள்ளத்துக்கு? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தோம். தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காக துணை மின்நிலையத்தையே தெனாகா நேஷனல் அடைக்க வேண்டி வரும். அப்போது வைஃபையும் இல்லை, பம்பும் இல்லை. வெளியே கால்வாய் நிரம்பியிருந்தால் இறைத்த தண்ணீர் திரும்பவும் வாசலுக்கே வரும். ஆகவே செயலியை நம்பிப் பொருட்களைக் கீழே விட்டுப் போகாதீங்க. தண்ணீர் பிளக் உயரத்தை நெருங்குவதற்கு முன், காய்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அடையுங்க. தண்ணீரில் இறங்கி பிளக்கைப் பிடுங்கவே கூடாது.

உயிரைக் காப்பாற்றும் கருவி என்றால், மின்பெட்டியில் இருக்கும் ஈ.எல்.சி.பி. தான். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிப்பது அதுவே. இப்போதே போய்ப் பாருங்க: 0.03 ஆம்பியரா, 0.1 ஆம்பியரா? சில பழைய வீடுகளில் முழு வீட்டுக்கும் 0.1 ஒன்றுதான் இருக்கும். ஈரமான இடத்து பம்புக்கு 0.03 அல்லது அதற்கும் குறைவானது வேண்டும். மாதம் ஒருமுறை அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்க. விழவில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிட வேண்டும்.

விளக்கு விஷயம் இவ்வளவு சிக்கல் இல்லை. கோலாலம்பூரில் சூரியன் மறையும் நேரம் வருடம் முழுக்க ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில்தான். ஒரு சாதாரண டைமரே போதும், ஸ்மார்ட் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. மேகம் இருட்டும்போதும் எரிய வேண்டும் என்றால் ஒளி உணரி வைக்கலாம். செடிகளுக்கிடையில் 12 வோல்ட் விளக்குகளே நல்லது. மழையில் நனையும் விளக்குக்கு ஐ.பி. 65 தரம் இருக்கட்டும்.

மின் கட்டணம் குறையுமா என்று கேட்பவர்களுக்கு: 2025 ஜூலை முதல் நடப்பில் உள்ள நேர அடிப்படைக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். மற்ற நேரத்தோடு ஒப்பிட்டால் யூனிட்டுக்குச் சுமார் 4 சென் வித்தியாசம். 1 குதிரைத்திறன் பம்பை தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் மாதம் ஒரு ரிங்கிட்கூட மிஞ்சாது.

வாங்கும்போது பெட்டியை மட்டும் பார்க்காமல், பொருளின் மேலேயே சிரிம் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்க. நிரந்தர வயரிங் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுங்க. வேலை முடிந்ததும், அவர் கண்முன்னே வைஃபையை அணைத்துவிட்டு, பம்பைக் கையாலேயே நிறுத்த முடிகிறதா என்று ஒரு முறை சோதித்துப் பார்த்துவிடுங்க.