சுவான்சோவில் ஒரு பகல்

சீனாவின் பழைய துறைமுக நகரான சுவான்சோவைப் பார்க்க ஒரே ஒரு பகல்தான் கிடைக்கிறதா? கையுவான் கோயிலில் தொடங்குங்கள். கடல்சார் அருங்காட்சியகத்திலேயே எல்லாம் கிடைக்குமே என்பார்கள். சிவன் கோயில் சிற்பங்கள் அங்கே நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் 686-இல் தோன்றிய இந்தப் புத்தர் கோயிலின் பின்புறத் தூணில் உரலை இழுத்து மருதமரங்களைச் சாய்க்கிறான் கண்ணன். அழிந்துபோன இந்துக் கோயிலொன்றின் தூண் இன்றும் கூரையைத் தாங்குகிறது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க முடியாது. 1974-இல் தோண்டியெடுத்த சோங் காலக் கப்பலும் அதே வளாகத்தில்தான். அடுத்து, 1009-இல் எழுந்த சிங்ஜிங் பள்ளிவாசல். பிற்பகலில் அருங்காட்சியகம் போகலாம். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊரல்லவா, அவசரப்படாமல் பாருங்கள்.