ஊதா ஒளிப்பட்டையும் வெண்புள்ளிச் சிகிச்சையும்

வெண்புள்ளிக்கு ஒளிச்சிகிச்சை பெறுவோர் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, பல மாதங்கள் வர வேண்டியுள்ளது. சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் நாட்கூலிக்கு உழைப்போருக்கு ஒவ்வொரு வருகையும் கூலி இழப்பே. ஆகவே, “புற ஊதா எல்.இ.டி. பட்டையை வாங்கி வீட்டிலேயே காட்டலாமா?” என்று பலர் எங்களிடம் வினவுகின்றனர். அச்சகப் பணியாளர்களோ, “எங்கள் இயந்திரத்தில் மையை உலர்த்துவதும் அதே ஒளிதானே?” என்கின்றனர். நியாயமான கேள்விகளே.

பெயர் ஒன்றாயினும் கதிர் ஒன்றன்று. அலைநீளமே அதன் இயல்பைத் தீர்மானிக்கிறது. வெண்புள்ளிக்கு நாங்கள் பயன்படுத்துவது ஏறத்தாழ 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள ‘பி’ வகைக் கதிர். கடைகளில் கிடைக்கும் பட்டைகள் பெரும்பாலும் 395 முதல் 405 வரையிலானவை. மேடை அலங்காரத்திற்கு ஏற்றவை, மருந்தாகா. அச்சகத்தின் எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 365 முதல் 395 வரையிலானவை. மையை நொடியில் இறுகச் செய்யும் அச்செறிவு உடலில் படவே கூடாது. பழைய பாதரச விளக்குகள் கண்ணையும் தோலையும் எரித்துவிடும்.

பெரிய அடாப்டரைப் பொருத்தினால் பட்டை வலுப்பெறும் என்பதும் தவறான எண்ணம். மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் பட்டை 5 மீட்டர் நீளமெனில் 24 வாட். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர். அலங்காரத்திற்கு 3 ஆம்பியர் அடாப்டர் போதும். அதற்கு மேற்பட்டதைப் பொருத்தினாலும், பட்டை தனக்கு வேண்டிய மின்னோட்டத்தையே எடுக்கும். 12 வோல்ட் பட்டைக்கு 24 வோல்ட் கொடுத்தால் அது சூடேறிக் கருகுமேயன்றி, 395 ஒருநாளும் 311 ஆகாது. பட்டாசு மருந்து புழங்கும் இடத்திற்கு அருகே இத்தகைய சோதனை எதுவும் கூடாது என்பதை இவ்வூரில் சொல்லத் தேவையில்லை.

எங்களுக்குப் பெரிதும் கவலை தருவது வேறொன்று. கார்போக அரிசியை அரைத்தோ எண்ணெயாகவோ பூசிக்கொண்டு ஒளி காட்டும் வழக்கம் உண்டு. அவ்வரிசியிலுள்ள சோரலென் என்னும் பொருள் ‘ஏ’ வகைக் கதிருடன் சேர்ந்து தோலைத் தாக்கும். நம் மாவட்டத்து நண்பகல் வெயிலே அதற்குப் போதும். 365 விளக்கும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. அப்போதே எரிச்சல் தோன்றாது. ஓரிரு நாட்களில் சிவந்து, கொப்புளங்கள் எழும். ஆறிய புண்ணைச் சுற்றிப் புதிய வெண்புள்ளி தோன்றவும் கூடும்.

வீட்டில் பயன்படுத்தத்தக்க 311 கருவிகள் உள்ளன. அளவு குறித்துக் கொடுத்து, கண்காப்புக் கண்ணாடியுடன் பயன்படுத்தப் பயிற்றுவித்த பின்னரே அவற்றைப் பரிந்துரைக்கிறோம். ஏற்கெனவே ஏதேனும் வாங்கியிருப்பின், ஒளியேற்றாமல், நானோமீட்டர் எண் அச்சிட்ட பெட்டியுடன் அடுத்த வருகையில் கொண்டு வாருங்கள்.