வியர்வைக் களைப்பும் வீட்டில் தயாரிக்கும் உப்புப் பானங்களும்

வட இந்தியச் சமவெளியில் கோடை மாதங்களில் நிழலிலேயே உஷ்ணம் 45 டிகிரி சென்டிகிரேடு வரை உயர்வதுண்டு. அந்நாட்களில் நிலம் அளப்போர், கால்வாய்ப் பணியாளர், பயிர்க் கணக்கெடுப்போர், விளையாட்டுத் திடலில் மாணவரைப் பயிற்றும் ஆசிரியர் முதலியோர் பிற்பகலில் தலைவலி, தசைப்பிடிப்பு, சிடுசிடுப்பு, கவனக் குறைவு ஆகியவற்றுக்கு ஆளாகின்றனர். இவற்றை வேலைப் பளுவின் விளைவென்றோ மனச்சோர்வென்றோ கருதி விட்டுவிடுவது வழக்கம். ஆயினும், இத்தகைய அயர்ச்சியில் ஒரு பகுதி உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதால் உண்டாவதாகும். அப்பகுதியை வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே போக்கிக் கொள்ளலாம்.

வியர்வையில் வெளியேறுவது யாது?

வெயிலில் கடுமையாக உழைப்பவரிடமிருந்து மணிக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ வியர்வை வெளியேறக் கூடும். ஒவ்வொரு லிட்டர் வியர்வையுடனும் ஏறத்தாழ 1 முதல் 4 கிராம் வரை சாதாரண உப்பும், சிறிதளவு பொட்டாசியமும் செல்கின்றன. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடு, அதாவது 60 கிலோகிராம் எடையுள்ளவர் 1.2 லிட்டர் நீர், இழந்த நிலையில் உழைக்கும் திறன் குறைகிறது; கவனமும் மனநிலையும் பாதிக்கப்படலாம்.

நெடுநேரம் வியர்த்தவர் வெறும் நீரை மட்டுமே மிகுதியாகப் பருகினால், இரத்தத்திலுள்ள சோடியத்தின் செறிவு குறைந்துவிடும். இங்கிலாந்தில் வெப்பம் மிகுந்த நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தோரின் தசைப்பிடிப்பை ஆராய்ந்த கே. நெவில் மாஸ் என்பவர், அதற்கு இந்த உப்பிழப்பே காரணமென 1923-ஆம் ஆண்டில் விளக்கினார். குடிநீரில் சிறிது உப்பைச் சேர்த்தது அத்தொழிலாளருக்கு நிவாரணம் அளித்தது.

சர்க்கரையின் பங்கு

சர்க்கரை சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுகோசும் இணைந்தே உட்செல்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் ஈர்க்கப்படுகிறது. இவ்வுண்மையை ராபர்ட் கிரேன் என்னும் விஞ்ஞானி 1960-இல் எடுத்துரைத்தார். 1971-இல் மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுகோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்து திரளான உயிர்களைக் காத்தார். வியர்வையால் நீர் இழந்தவருக்கும் குடல் நீரை ஏற்கும் முறை இதுவேயாகும்.

அளவும் தயாரிப்பும்

காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியால் உப்பு அரைக் கரண்டி, சர்க்கரை ஆறு கரண்டி: இதுவே எளிய அளவு. கரண்டி 5 மில்லிலிட்டர் கொள்ளுவதாக இருத்தல் வேண்டும். விரும்பினால் எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். கலந்த நீர் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கலாகாது. புளிப்புள்ள பானங்களை ஈயம் பூசாத செப்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைத்தல் கூடாது. ஒரு நாளைக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

நாட்டின் பல பகுதிகளிலும் இவ்வகைப் பானங்கள் பழக்கத்தில் உள்ளன. வடக்கே சுட்ட மாங்காயின் சதையில் உப்பும் சீரகமும் கூட்டிய ஆம் பன்னா, பீகாரில் வறுத்த கடலைமாவைக் கரைத்த சத்து, குஜராத்தில் சாஸ் எனப்படும் மோர், ஒடிசாவில் தோரணி என்னும் சோற்று நீர், தமிழகத்தில் நீர்மோர் ஆகியவை அவற்றுள் சில. வெப்ப அலைக் காலத்தில் மோர், எலுமிச்சை நீர், தோரணி ஆகியவற்றை அருந்துமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் அறிவுறுத்துகிறது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியமோ குறைவு. ஆகவே, மிகுதியாக வியர்த்தவர் இளநீரை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

வெளிவேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது மாணவர்க்குக் காட்டத் தக்க நல்ல சோதனையாகும். குறைந்த ஒவ்வொரு கிலோகிராமும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரிழப்பைக் குறிக்கும். இடையில் அருந்திய நீரின் அளவையும் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை

மேற்கூறிய ஒரு லிட்டர் பானத்தில் சுமார் 3 கிராம் உப்பு உள்ளது. வயது வந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே, நிழலில் அமர்ந்து வேலை செய்வோர்க்கும், அதிகம் வியர்க்காத நாட்களிலும் வழக்கமான உணவும் நீருமே போதுமானவை. இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு ஆகியவை உள்ளோர் மருத்துவரின் ஆலோசனைப்படியே இப்பானத்தை அருந்துதல் வேண்டும்.

கவலையையோ தூக்கமின்மையால் வரும் தளர்ச்சியையோ எந்த உப்புப் பானமும் நீக்காது. ஓய்வுக்கும் உறக்கத்துக்கும் இது ஈடாகாது. போதிய நீர் அருந்தி ஓய்வு கொண்ட பின்னரும் பல நாட்கள் நீடிக்கும் களைப்புக்கு மருத்துவப் பரிசோதனை அவசியம்.

உடல் அனலாய்க் கொதித்து, பேச்சுத் தடுமாறி, நினைவு மயங்கியவருக்கு நேர்ந்திருப்பது சாதாரணக் களைப்பன்று. அது உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கு. அந்நிலையில் வாய்வழியே எதையும் புகட்டலாகாது. அவரை உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஆகவே, வெளிவேலைக்குச் செல்லும் ஒவ்வொரு குழுவும் குடிநீருடன் உப்பு, சர்க்கரை, அளவுக் கரண்டி ஆகியவற்றைக் கொண்டு செல்வதோடு, அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லும் வழியையும் முன்னதாகவே அறிந்து வைத்திருத்தல் நலம்.