மழைக்காலத்தில் தேனீக்கும் பசிக்கும்!

தென்னந்தோப்பில் தேனீப் பெட்டி வைத்தால் தேனும் கிடைக்கும், காய்ப்பும் கூடும். பொள்ளாச்சிப் பக்கம் இதற்காகவே பெட்டி வைக்கும் விவசாயிகள் உண்டு. ஆனால், சிலருக்கு முதல் மழைக்காலத்திலேயே பெட்டி காலியாகிவிடுகிறது. காரணம், பசி!

மழையில் பூக்கள் குறையும். உணவில்லாவிட்டால் இந்தியத் தேனீ கூட்டத்தோடு பறந்துவிடும். எனவே, மேல் அறைத் தேனை மட்டும் எடுங்கள். கீழ் அறையில் இருப்பது தேனீக்களின் சேமிப்பு. பூ இல்லாத நாள்களில், சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகை மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். தாங்கியின் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது.

1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் தமிழகத்தில் ஏராளமான தேனீக் கூட்டங்களை அழித்தது. அதற்கு மருந்து கிடையாது. கூட்டத்தை வலுவாக வைத்திருப்பதே தற்காப்பு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தேனீ வளர்ப்புப் பயிற்சி தருகிறது. முதலில் பயிற்சி, பிறகு பெட்டி!